அசலில் இல்லாத விழுகை

ஊசியக்கா நாடகக் குழுவுக்கு முதன்முதலில் வந்தது கணவரை வேவு பார்க்க. அப்போது கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. சனிக்கிழமை மாலையானால் மனிதர் முகம் கழுவி, தலைவாரி, "சங்கத்துல ஒரு வேலை" என்று கிளம்பிவிடுவார். திரும்பி வரும்போது தனக்குத்தானே பேசிக்கொண்டு வருவார். அக்காவின் அம்மா கேள்விப்பட்டதும், "ஒண்ணு குடியா இருக்கும், இல்ல வேற குடும்பமா இருக்கும். எதுக்கும் ஒரு நடை போய்ப் பாத்துடு" என்று சொல்லிவிட்டார்.

அக்கா பின்னாலேயே போய், தொழிற்சங்கக் கட்டடத்தின் மாடிப்படி ஏறி, அரங்கின் கதவிடுக்கில் கண்ணை வைத்தார். உள்ளே சுவரே இல்லாமல் மூன்று கதவுகள் வரிசையாக நின்றன. கணவர் ஒவ்வொரு கதவாகத் திறந்து, "என் பெண்டாட்டி எங்கே? யாரோட இருக்கா?" என்று காலி இடத்தைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். நாலைந்து பேர் பெஞ்சில் உட்கார்ந்து அதைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அக்காவுக்குக் கோபம் வரவில்லை. கண்ணில் பட்டது கோட்டுதான். ஒரு கை நீளம், ஒரு கை குட்டை, தோள் முழங்கைக்கு இறங்கிக் கிடந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், "இதை யார் தெச்சது? கழட்டுங்க" என்றார். அன்றைக்கு ஒத்திகை நடந்த நேரத்தைவிட அக்கா பல்லால் நூலை அறுத்துக்கொண்டிருந்த நேரம் அதிகம் என்று அப்பா சொல்வார். பெயரும் அன்றே ஒட்டிக்கொண்டது.

பகலில் அவருக்கு மருத்துவமனைத் துணி அறையில் வேலை. கிழிந்த படுக்கை விரிப்புகளுக்கு ஒட்டுப்போடுவது, டாக்டர்களின் வெள்ளைக் கோட்டுகளுக்குப் பொத்தான் தைப்பது, அறுவை அறைத் துணிகளில் ஓட்டை இருக்கிறதா என்று விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்ப்பது. "படுத்தவங்க எந்திரிச்சுப் போயிடுவாங்க, இல்லேன்னா தூக்கிட்டுப் போவாங்க. விரிப்பு மட்டும் என்கிட்டயே வரும்" என்பார். அவருடைய நகைச்சுவை அந்த அளவுக்குத்தான் போகும். அவருடைய கணவர் பேருந்துப் பணிமனையில் டயர் மாற்றுபவர். ஆள் உயரம், குழுவில் அவர் பெயர் நெட்டை.

அந்த நாடகம் பிரெஞ்சு நகைச்சுவை ஒன்றின் மொழிபெயர்ப்பு. மொழிபெயர்த்தவர் என் அப்பா. மாலைக் கல்லூரி ஒன்றில் அந்த மொழியைச் சொல்லிக்கொடுத்தவர். கதை சாதாரணமானதுதான். மனைவிமேல் சந்தேகம் கொண்ட ஒரு கணவன் வெளியூர் போவதாகச் சொல்லிவிட்டு, பியானோ சரிசெய்பவன் வேடத்தில் சொந்த வீட்டுக்கே வந்து ஒளிந்து பார்க்கிறான். மனைவிக்கு முதல் நிமிடமே தெரிந்துவிடுகிறது. தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாமல் அவனை நாள் முழுக்க வேலை வாங்குகிறாள். எங்கள் குழுவில் யாரிடமும் பியானோ இல்லை. அப்பா அவனைக் கடிகாரம் பழுதுபார்ப்பவனாக மாற்றினார். வீட்டுப் பாதிரியார் குடும்ப டாக்டர் ஆனார். தலைப்பு 'வெளியூர் போன வீட்டுக்காரர்' ஆனது. மற்றபடி வரிக்கு வரி அசல்தான்.

குழுவை நடத்தியவர் மருந்துக்கடை வைத்திருந்தார். நாங்கள் எல்லோரும் அவரை வாத்தியார் என்போம். அவருக்கு ஒரே ஒரு சட்டம்தான். "மேடையில என்ன நடந்தாலும் அது நாடகம். பல்செட்டு கழண்டு விழுந்தாலும் நாடகம், விளக்கு அணைஞ்சாலும் நாடகம். நிறுத்தினாத்தான் தப்பு." புதிதாக வரும் எல்லோருக்கும் இதை முதல் நாளே சொல்லிவிடுவார். ஒருமுறை இடதுபக்கக் கதவு கீலோடு கழன்று வந்தபோது, டாக்டராக நடித்தவர் அதைத் தோளில் தூக்கிக்கொண்டே வசனம் முழுவதும் பேசிவிட்டுப் போனார். அரங்கு அதிர்ந்தது. அப்படிப் பழகியவர்கள் அவர்கள்.

நெட்டை விழுந்தது அந்த நாடகம் தொடங்கிய இரண்டாம் வருடம், மூன்றாம் அங்கத்தில். நான் அப்போது பிறக்கவில்லை. அப்பாவும் தபாலம்மாவும் அக்காவும் சொன்னதை வைத்து எழுதுகிறேன். தபாலம்மா என்பவர் தபால் நிலையத்தில் முத்திரை குத்துபவர்; நாடகத்தில் வேலைக்காரி.

கடிகாரக்காரன் வேடத்தில் இருக்கும் கணவன் நடுக்கதவைத் திறந்து வருகிறான். தன் கோட்டை மனைவி வேறொருவனுக்குப் போட்டு அழகு பார்ப்பதைக் காண்கிறான். உண்மையில் அந்த வேறொருவன் அவளுடைய அண்ணன்தான். அசலில் அந்த இடத்தில் ஒரே ஒரு குறிப்பு இருக்கிறது: அமர்கிறார். நெட்டை நடுக்கதவைத் திறந்து வந்தார். நாற்காலிவரை போகவில்லை. கதவு நிலையைப் பிடித்தார், பிறகு அங்கேயே விழுந்தார்.

சிரிப்பு எழுந்தது. மேடையில் இருந்தவர்கள் நெட்டை ஏதோ புதிதாகச் செய்கிறார் என்று நினைத்தார்கள். அடுத்து அந்தக் கதவு வழியாகத்தான் தபாலம்மா போக வேண்டும். அவர் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நெட்டையைத் தாண்டினார். தாண்டிவிட்டுத் திரும்பி, "அம்மா, கடிகாரம் நின்னுபோச்சு!" என்றார். அப்படி ஒரு சிரிப்பை அந்தக் கட்டடம் கேட்டதில்லை என்றார் அப்பா. வாத்தியார் அரங்கின் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்று கைதட்டினார். அங்கம் முடியும்வரை நெட்டை அங்கேயே கிடந்தார். வருபவர் போபவர் எல்லோரும் அவரைத் தாண்டினார்கள். ஒவ்வொரு தாண்டலுக்கும் சிரிப்பு. அவருக்கு இருந்த மிச்ச வசனங்களை மற்றவர்கள் ஆளுக்கொன்றாகப் பிரித்துப் பேசி முடித்தார்கள். திரை விழுந்து, வணக்கம் சொல்ல வரிசையில் நின்றபோது, அண்ணனாக நடித்தவர் காலால் லேசாகத் தட்டி, "போதும்டா நெட்டை, எந்திரி. எங்களுக்கும் கொஞ்சம் கைதட்டு மிச்சம் வை" என்றாராம்.

மருத்துவமனையில் டாக்டர், "எத்தனை மணிக்கு விழுந்தார்?" என்று கேட்டார். யாரும் கடிகாரம் பார்த்திருக்கவில்லை. "அண்ணன் கோட்டு போட்டுப் பாக்குற இடத்துல" என்றார் வாத்தியார். டாக்டருக்குப் புரியவில்லை. சீக்கிரம் கொண்டு வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று அக்கா கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார்களே என்று பயந்ததாக என்னிடம் சொன்னார். அவர்களுடைய பையன் அப்போது நடக்கப் பழகிக்கொண்டிருந்தான்.

தபாலம்மா வெகுகாலம் அக்காவின் முகத்தைப் பார்க்காமல் இருந்தார். ஒருநாள் துணி அறைக்கே வந்து, "நான் தாண்டிப் போனேன்க்கா" என்று அழுதார். அக்கா கையில் இருந்த விரிப்பை மடித்து வைத்துவிட்டு, "நான் பக்கவாட்டுல நின்னு சிரிச்சேன். எனக்குக்கூடச் சொல்லாம ஒத்திகை பாத்திருக்காரேன்னு சிரிச்சேன். உக்காரு, டீ குடி" என்றார். அதன் பிறகு அவர்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

நாடகம் நின்றுபோயிருக்க வேண்டும். கொஞ்ச காலம் நின்றும் இருந்தது. பிறகு சங்கத்தின் ஆண்டு விழாவுக்கு அதே நாடகம் வேண்டும் என்றார்கள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்த ஒருவர், கண்ணாடி என்று கூப்பிடுவோம், அந்த வேடத்தை எடுத்துக்கொண்டார். மூன்றாம் அங்கத்தில், எழுதியிருந்தபடியே, நாற்காலியில் உட்கார்ந்தார். அரங்கிலிருந்து ஒரு குரல், "விழுய்யா!" என்றது. இன்னொரு குரல், "போன தடவ விழுந்தான்ல?" என்றது. அந்த இடத்திலிருந்து நாடகம் எடுபடவே இல்லை.

வாத்தியார் அக்காவின் வீட்டுக்குப் போய் வாசலிலேயே நின்றார். "ஜனங்க கேக்குறாங்க தங்கச்சி. நீ வேணாம்னா வேணாம்."

"உங்க இஷ்டம்" என்றார் அக்கா.

"ரெண்டு காட்சியோட போயிடும்னு நெனச்சேன்" என்பார் அக்கா இப்போது. போகவில்லை. கண்ணாடி முதலில் வெறுமனே விழுந்தார். அப்புறம் விழுவதற்கு முன் ஒரு சுற்று சுற்றினார். அப்புறம் தொப்பி உருண்டது. திரைச்சீலையைப் பிடித்து அதோடு விழுந்தார். கால் இரண்டும் மேலே போய் ஒரு நொடி நின்றுவிட்டு இறங்கின. ஒவ்வொரு வருடமும் ஒன்று கூடியது; எதுவும் குறையவில்லை. வெளியூர் அரங்குகளுக்குக் கூப்பிட்டபோது சுவரொட்டியில் மூன்று கதவுகளும் ஒரு தலைகீழ் மனிதனும் இருந்தார்கள். கண்ணாடியின் இடுப்பும் முழங்கையும் அடிபடாமல் இருக்க, கோட்டுக்குள் பஞ்சு வைத்துத் தைத்துக் கொடுத்ததும் அக்காதான். "விழறவன் மேல என்ன கோபம்? அவனுக்கும் எலும்புதானே இருக்கு" என்றார்.

ஆனால் அந்த இடம் வரும்போது பக்கவாட்டில் நிற்க மாட்டார். வாளியை எடுத்துக்கொண்டு பின்மாடிப்படிக்குக் கீழே உள்ள குழாயடிக்குப் போய்விடுவார். வாளி நிறையும் சத்தத்தில் அரங்கின் சத்தம் கேட்காது என்று எண்ணம். கேட்கத்தான் செய்யும். குழுவில் இது ஒரு குறிப்பாகவே ஆகிவிட்டது. "அக்கா தண்ணி பிடிக்கப் போயிட்டாங்க" என்று யாராவது கிசுகிசுத்தால், நடுக்கதவுக்குப் பின்னால் கண்ணாடி தொப்பியைச் சரிசெய்துகொள்வார்.

என் அப்பா அந்த நாடகத்தைப் பார்க்க வருவதை நிறுத்திவிட்டார். "நான் எழுதினது 'அமர்கிறார்'னுதான்" என்பதோடு அவர் பேச்சு முடிந்துவிடும். பிரதி என் கைக்கு வந்தது. வசனம் மறந்தவர்களுக்கு எடுத்துக் கொடுக்கும் வேலை எனக்கு. இடதுபக்கம், அக்காவின் இஸ்திரி மேசைக்கு அருகில் என் ஸ்டூல். சில வருடங்களுக்கு முன் பிரான்ஸிலிருந்து ஓர் அம்மையார் காட்சிக்கு வந்திருந்தார். முடிந்ததும் என்னிடம் அவருடைய மொழியில் கேட்டார்: "அந்த விழுகை எங்கள் பிரதியில் இல்லையே. நாடகத்திலேயே அருமையான இடம் அதுதான். யார் எழுதியது?" யாரும் எழுதவில்லை என்றேன். அவர் நான் அடக்கமாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அக்கா ஏன் அங்கேயே இருந்தார் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். அவர் சொல்லும் பதில் எப்போதும் ஒன்றுதான். "அவரைத் தெரிஞ்சவங்க வேற எங்க இருக்காங்க? பணிமனையில எல்லாரும் மாறிட்டாங்க. இங்கதான் இன்னும் நெட்டை நெட்டைன்னு பேசுறாங்க."

பையன் அந்தப் பேச்சைக் கேட்டே வளர்ந்தான். உயரமும் அப்பாவைப் போலவே வந்தது. குட்டி நெட்டை என்று பெயர் வைத்தார்கள். பிழைப்புக்குக் கடைகளில் குளிர்ப்பெட்டி பழுதுபார்க்கிறான். அப்பாவின் முகம் அவனுக்கு நினைவில் இல்லை. ஒரு கல்யாணப் படமும் பணிமனை அடையாள அட்டையும் வீட்டில் உண்டு. மற்றபடி அவனிடம் யாரும் வந்து சொல்வது ஒன்றேதான்: "உங்கப்பன் விழுந்த மாதிரி ஒருத்தனும் விழலடா."

போன வருடம் கண்ணாடியின் இடுப்பு சொல்பேச்சு கேட்காமல் போயிற்று. வாத்தியார் குட்டி நெட்டையைக் கூப்பிட்டு அந்த வேடத்தைக் கொடுத்தார். அவன் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னதை இரண்டு பேரும் தனித்தனியாக என்னிடம் சொன்னார்கள். வசனத்தில் அதிக வித்தியாசமில்லை.

"அம்மா, வாத்தியார் என்னைப் போடறாராம்."

"எதுல?"

"வீட்டுக்காரர்ல. வீட்டுக்காரராவே."

அக்கா தையல் மெஷினை நிறுத்தவில்லை. "சந்தோஷம். நல்லாப் பண்ணு. மூணாவது அங்கத்துல மட்டும் நாற்காலியில உக்காந்துக்கோ."

"உக்காந்தா செருப்பு பறக்கும்."

"பறக்கட்டும். உக்காந்துக்கோ."

"ஏம்மா, கண்ணாடி மாமா இத்தனை வருஷமா விழுந்தாரு. அவருக்குப் பஞ்சு வெச்சுத் தெச்சுக் குடுத்த. நான் விழுந்தா மட்டும் ஆகாதா?"

"அவரு என் வயித்துல பொறக்கல."

அவன் மெஷினுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தான். "எனக்குன்னு அப்பா விட்டுட்டுப் போனது அது ஒண்ணுதாம்மா."

அப்போதுதான் மெஷின் நின்றது. "அது அவரு செஞ்சது இல்லடா. அவருக்கு நடந்தது. கண்ணாடி பண்ற கூத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது. சுத்தவும் இல்ல, தொப்பியும் உருளல."

"அப்ப எப்படித்தான் விழுந்தாரு? நீதானே பக்கத்துல இருந்த. காட்டு."

அக்கா எழுந்து, அறைக்கும் சமையலறைக்கும் நடுவே இருந்த கதவு நிலையில் போய் நின்றார். வலது கையால் நிலையைத் தடவினார், இருட்டில் சுவிட்சைத் தேடுபவர்போல. ஒரு முழங்கால் மடிந்தது. கை நிலையோடு வழுக்கிக்கொண்டே இறங்கியது. கடைசியில் பக்கவாட்டாகச் சாய்ந்தார், முகம் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது. அவ்வளவுதான். அப்படியே தரையில் கிடந்தபடி, "சத்தமே வரல. நான் நின்ன இடத்துக்குக்கூடச் சத்தம் வரல" என்றார்.

பையன் அவரைத் தூக்கி உட்கார வைத்தான். இரண்டு பேரும் அழவில்லை என்று இரண்டு பேரும் சொன்னார்கள்.

"நான் இப்படியே விழறேன்மா. இதுல ஒரு துளி கூட்ட மாட்டேன். இதைப் பாத்துட்டு எவன் சிரிப்பான்?"

அக்கா யோசித்தார். யாரும் சிரிக்காவிட்டால் வாத்தியாரே அடுத்த வாரம் அதை எடுத்துவிடுவார். யாரிடமும் கேட்க வேண்டாம், கெஞ்ச வேண்டாம். அந்த விழுகை தானாகச் செத்துவிடும். "சரி" என்றார். நெட்டை போட்டிருந்த அளவிலேயே புதுக் கோட்டு ஒன்று தைத்தார். பஞ்சு வைக்கவில்லை, அப்படி விழுபவனுக்கு அடிபடாது.

அவர்கள் வீட்டில் கதவு நிலைக்கு முன்னால் பழகினார்கள். அரங்கில் நடந்த ஒத்திகைகளில் அவன் விழும் இடத்தை மட்டும் விட்டுவிட்டு அடுத்த வசனத்துக்குப் போய்விடுவான். "அது காட்சி அன்னிக்கு, வாத்தியாரே" என்பான். வாத்தியாருக்கு அது பிடித்திருந்தது. "அப்பன் மாதிரியே! அவனும் சொல்லாமத்தானே செஞ்சான்!" என்றார்.

காட்சி அன்று அரங்கு நிறைந்திருந்தது. நெட்டையின் மகன் விழப்போகிறான் என்று ஊர் முழுக்கப் பேச்சு. பணிமனையிலிருந்து ஓய்வு பெற்ற சிலர்கூட முன்வரிசையில் இருந்தார்கள். முதல் இரண்டு அங்கங்களும் நன்றாகவே போயின. அவனுக்கு வசனம் சுத்தமாக வரும், நான் ஒருமுறைகூட எடுத்துக் கொடுக்கவில்லை. மூன்றாம் அங்கம் தொடங்கியதும் யாரோ பழக்கத்தில் வாளியை எடுத்து அக்காவிடம் நீட்டினார்கள். அக்கா அதை வாங்கி இஸ்திரி மேசைக்குக் கீழே வைத்தார். "இன்னிக்கி வேணாம்" என்றார். என் ஸ்டூலுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். கழுத்தில் அளவு நாடா, இடுப்பில் குண்டூசிப் பை, கையில் கத்தரி.

அண்ணன் கோட்டைப் போட்டுப் பார்த்தார். நடுக்கதவு திறந்தது. அவன் வந்து நின்றான், பார்த்தான். கை நிலையைத் தேடியது. முழங்கால் மடிந்தது. கை வழுக்கியது. சாய்ந்தான், முகம் அந்தப் பக்கம்.

அரங்கில் சத்தமே இல்லை. அக்கா என் தோளைப் பிடித்திருந்தார். அவர் விரல்கள் அழுந்தின. அந்த அமைதி நீடித்தது. நான் பிரதியைப் பார்க்கவில்லை.

பிறகு நடுவரிசையில் ஒருவர் சிரித்தார். அடக்கி வைத்து, முடியாமல், மூக்கு வழியாக வந்த சிரிப்பு. அதைக் கேட்டுப் பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். அது வரிசை வரிசையாகப் பரவி அரங்கு முழுவதும் வெடித்தது. கண்ணாடி சுற்றிச் சுற்றி விழுந்தபோது வந்த சிரிப்பு எனக்குப் பழக்கம். இது அதைவிடப் பெரியது. முன்வரிசைப் பணிமனைக்காரர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்பனேதான்! அப்படியே அவன் அப்பன்!" என்றார்.

தபாலம்மா பாவாடையைத் தூக்கிப் பிடித்தார். இத்தனை வருடமாகத் தூக்கிப் பிடித்த அதே கை. ஒரு நொடி எங்கள் பக்கம் பார்த்தார். சட்டம் சட்டம்தான்; தாண்டினார். "அம்மா, கடிகாரம் நின்னுபோச்சு!"

என் தோளிலிருந்து கை போய்விட்டது. அக்கா கத்தரியை மேசைமேல் வைத்தார், தவறி விழாதபடி உள்ளே தள்ளி வைத்தார். பிறகு பின்பக்கமாகச் சுற்றிப் போய் நடுக்கதவு வழியாக மேடைக்குள் நுழைந்தார். கீழே விழுந்த துணியை எடுக்கப் போகிறவர் எப்படிப் போவாரோ அப்படிப் போனார். வெளிச்சம் அவர் கண்ணைக் கூசச் செய்தது. நின்று, கண்ணுக்கு மேல் கையை வைத்து மகன் எங்கே கிடக்கிறான் என்று பார்த்தார். அதற்கும் சிரித்தார்கள். மனைவியாக நடித்தவள் வாயைத் திறந்தபடி நின்றாள்.

அக்கா மண்டியிட்டு அவன் நெஞ்சில் கை வைத்தார். "எந்திரி."

அவன் உதட்டை அசைக்காமல், "அம்மா, போம்மா. சீன் ஓடுது" என்றான்.

"ஓடட்டும். நீ எந்திரி."

முன்வரிசைகளுக்கு அது கேட்டுவிட்டது. அரங்கு துடித்தது. அவன் எழுந்தான். வேறு வழியில்லை. அக்கா அவன் கோட்டின் தூசியைத் தட்டினார், காலரை இழுத்துச் சரிசெய்தார், கையைப் பிடித்து நடுக்கதவு வழியாகக் கூட்டிக்கொண்டு வெளியேறினார். கைதட்டல் ஓய வெகுநேரமாயிற்று. ஓயும்வரை காத்திருந்து, அவனுக்கு இருந்த மிச்ச வசனங்களை மற்றவர்கள் ஆளுக்கொன்றாகப் பிரித்துப் பேசி முடித்தார்கள்.

ஒப்பனை அறையில் அவன் கோட்டைக் கழற்றி நாற்காலியில் வீசினான். "நீ காட்டின மாதிரிதானேம்மா விழுந்தேன்?"

"ஆமா."

"ஒரு துளி கூட்டினேனா?"

"இல்ல."

"சரி, சிரிச்சாங்க. சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க. நீ எதுக்கு வந்த?"

அக்கா கோட்டை எடுத்து ஹேங்கரில் மாட்டினார். "அன்னிக்கி வரல இல்ல" என்றார்.

அவன் நிலைக்கண்ணாடியில் தன் மாவு பூசிய முகத்தைப் பார்த்தான். பேசியபோது குரலில் கோபம் இல்லை. "அம்மா, கீழ படுத்திருக்கும்போது அந்தச் சத்தம் எப்படி இருக்குன்னு தெரியுமா? பலகை அதிருது. முதுகுல தெரியுது. எல்லாரும் நமக்காகவே வந்த மாதிரி இருக்கு. அப்பாவுக்கும் அது கேட்டிருக்கும்ல?"

அந்தக் கேள்வியை அக்கா இத்தனை வருடங்களில் தன்னையே கேட்டுக்கொண்டிருப்பார். ஆனால் அவனுக்கு இருந்த அர்த்தத்தில் ஒருநாளும் கேட்டிருக்க மாட்டார்.

திங்கள்கிழமை மாலை வாத்தியார் என்னையும் கூட்டிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனார். தனியாகப் போக அவருக்குத் தைரியமில்லை. ஒற்றை அறை, சமையலறை. ஜன்னலோரம் தையல் மெஷின். அதன் மேல் மருத்துவமனையின் நீல முத்திரை போட்ட விரிப்புகள். குட்டி நெட்டை வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தான். கருவிப் பையை இன்னும் தோளிலிருந்து இறக்கவில்லை.

"சனிக்கிழமை நடந்ததைப் பத்தித்தான் தங்கச்சி..."

"நாடகத்தைக் கெடுத்துட்டேன். தெரியும்."

"ஐயையோ, அதுக்கு வரல." வாத்தியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீ வந்து கூட்டிட்டுப் போனியே... கடைக்கு மாத்திரை வாங்க வர்றவன் எல்லாம் அதையேதான் கேக்குறான். அந்தத் தையக்காரம்மா அடுத்த வாரமும் வருவாங்களான்னு."

அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்வையைத் தாங்க முடியாமல் வாத்தியார் அவசரமாகச் சொன்னார்: "'வா'ன்னு சொல்ல வரல. நான் மருந்து விக்கிறவன். அன்னிக்கு அரங்கத்துக்குப் பின்னால நின்னு கைதட்டினேன். அது எனக்குத் தெரியாம இல்ல. நீ ஒரு வார்த்தை சொல்லு, விழறதையே எடுத்துடறேன். செருப்பு பறந்தாலும் சரி. நாற்காலியில உக்காரட்டும். இந்தத் தடவ நிஜமாவே கேக்குறேன்."

ஊசியக்கா வாயைத் திறந்தார். அவர் என்ன சொல்லியிருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

"அம்மா வர மாட்டாங்க வாத்தியாரே" என்றான் பையன். "அவங்களைத் தொந்தரவு பண்ணாதீங்க. தபாலம்மாவோட தங்கச்சி பொண்ணு இருக்கால்ல? அவ கழுத்துல ஒரு நாடாவைப் போட்டு அனுப்புங்க. நான் பாத்துக்கறேன்."

வாத்தியார் அக்காவைப் பார்த்தார். அக்கா மகனைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்தபடி கருவிப் பையை இறக்கி, அதன் வாரைத் திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் பிடிவாதம்கூட இல்லை. போக வேண்டிய ஓரிடத்துக்கு நேரமாகிவிட்டதுபோல இருந்தான்.

அக்கா மெஷினடியில் போய் உட்கார்ந்து, ஒரு விரிப்பை எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். ஓட்டையைத் தேடினார். கிடைத்ததும் அதில் விரலை வைத்துக்கொண்டார்.

"அந்தப் பொண்ண ஓட விட்டுடாதீங்க" என்றார். "நான் நடந்துதான் வந்தேன்."

வாத்தியார் சரி என்று தலையாட்டினார். எழுதிவைத்துக்கொள்ளும்படி என்னிடமும் சொன்னார். நான் பிரதியின் ஓரத்தில் 'நடந்து வருகிறாள்' என்று எழுதினேன். முதல் இரண்டு வாரம் அவள் நடந்துதான் வந்தாள். இப்போது ஓடி வருகிறாள், வரும் வழியில் நாடா கதவில் மாட்டிக்கொள்கிறது. அந்த இடத்தில்தான் சிரிப்பு அதிகம்.